விசர்நாயும் மாத்தளையும்



விசர் என்ற சொல்லை யாழ்ப்பாணத்து வீடுகளில் நாள்தோறும் கேட்கலாம். குறும்பு செய்த பிள்ளையைத் தாய் விசரன் என்பாள். கணக்கிற் பிழைவிட்ட நண்பனை நண்பன் விசரன் என்பான். அதனை ஒருவரும் வசையாகக் கொள்வதில்லை. ஆனால் அதே சொல் நாய் என்ற சொல்லோடு சேர்ந்தவுடன் வீடு அமைதியாகிவிடும். பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவர். மலைநாட்டிலே, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலே, வெறிநாய் என்பதே வழக்கு. சிங்கள அயலார் பிஸ்ஸு பல்லா என்பர். மூன்று பேச்சிலும் கருத்து ஒன்றுதான்: அறிவு திரிந்த நாய்.

நோயின் பெயரை மாத்திரம் நூலோர் வேறு வகையாக அமைத்தனர். நீர்வெறுப்பு நோய் என்றனர் தமிழ் வைத்தியர். ஜலபீதிகா என்றனர் சிங்கள வைத்தியர். பொதுமக்கள் கடித்த நாயின் நிலையைப் பெயராக்கினர். வைத்தியர் கடியுண்ட மனிதனின் நிலையைப் பெயராக்கினர். இவ்விரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு காலம் கிடக்கின்றது. நாய் கடித்த நாளுக்கும், நீரைக் கண்டு தொண்டை இறுகும் நாளுக்கும் இடையிலான காலம் அது. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை. சிலருக்கு ஓராண்டும் செல்லும். மனிதன் தப்பலாம் என்றால் அந்த இடைவெளியில்தான் தப்பலாம். நோய்க்குறி தோன்றிய பின் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலும் மிகச் சிலரே. இந்த இடைவெளியை மனிதர் எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு வீணாக்கினர், எவ்வாறு பயன்படுத்தக் கற்றனர் என்பதை மாத்தளை மாவட்டத்திலே நின்று நோக்குவதே இன்றைய பேச்சு.

நோய் பழையது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையின் கற்பத் தானத்திலே விசர்கொண்ட விலங்கின் தோற்றம் சொல்லப்பட்டுள்ளது. வாலும் தாடையும் தோளும் தொங்கிப்போகும், வாயினின்று நீர் ஒழுகும், செவிடும் குருடும் போல விலங்கு ஓடித் திரியும் என்பது அந்நூலின் விவரம். நாயை மாத்திரமன்றி நரி, கழுதைப்புலி, கரடி, புலி ஆகியவற்றையும் நூலாசிரியர் சேர்த்துக் கூறுகின்றார் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம். கடியுண்டவன் நீரிலோ கண்ணாடியிலோ தன்னைக் கடித்த விலங்கின் உருவத்தைக் காண்பானாயின் அவன் பிழையான் என்றும், நீரென்ற பேச்சைக் கேட்டே நடுங்குபவனும் பிழையான் என்றும் அந்நூல் கைவிரித்துவிடுகின்றது. கடிவாயைப் பிழிந்து இரத்தத்தை வெளியேற்றிக் காய்ச்சிய நெய்யாற் சுடவேண்டும் என்பது அது கூறும் முதற் சிகிச்சை. கடுமையான முறைதான். எனினும் காயத்திலேதான் முதலிற் கைவைக்க வேண்டும் என்ற உணர்வு அதிலே இருக்கின்றது. இன்று வைத்தியர்கள் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவச் சொல்வதும் அதே காயத்தைத்தான்.

ஏன் கழுவ வேண்டும்? விசர்கொண்ட விலங்கின் உமிழ்நீரில் வைரசு என்னும் நுண்பொருள் இருக்கின்றது. அது பாம்பின் நஞ்சுபோல இரத்தத்தில் ஓடுவதன்று. தசையிலே புகுந்து, அங்குள்ள நரம்பின் நுனியைப் பற்றி, நரம்பின் வழியே சிறிது சிறிதாக மூளையை நோக்கி ஏறுகின்றது. காலிற் கடித்தால் வழி நீளம். முகத்திற் கடித்தால் வழி குறுக்கம். குழந்தைகள் உயரங் குறைந்தவர்களாதலால் நாயின் வாய் அவர்களுடைய முகத்துக்கு அருகிலே இருக்கின்றது. அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைந்துவிடுகின்றது. மூளையை அடைந்த வைரசு மீண்டும் நரம்புகளின் வழியே வெளிப்பட்டு உமிழ்நீர்ச் சுரப்பியை அடையும். நாய் பிறரைக் கடிக்கத் தொடங்கும் காலமும் அதுவே.

இனி மாத்தளைக்கு வருவோம். கண்டியிலிருந்து வடக்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர் தூரத்திலே, மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில் மாத்தளை நகர் அமைந்திருக்கின்றது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே நாலந்தாவையும் நாவுலையையும் கடந்தால் தம்புள்ளைப் பக்கத்து உலர்ந்த காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதியாலும் பசியாலும் வீழ்ந்தவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவருக்கு மலைநாட்டின் வாயிலாக இருந்தது இந்நகரமே. இங்கே முத்துமாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததும், மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியே. 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன, லயங்கள் நிலைத்துவிட்டன.

இந்த அமைப்பை நோயின் கண்கொண்டு பாருங்கள். நகரத்துக் கடைத்தெரு, அதற்கு மேலே தோட்டத்து லயம், லயத்துக்கு அப்பால் சிங்களக் கிராமம், கிராமத்தின் வேலிக்கு அப்பால் காடு. இவை நான்கும் சில இடங்களில் ஒரு கூப்பிடு தூரத்துக்குள்ளேயே கிடக்கின்றன. நாய் இந்நான்கிலும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நடமாடும். இறைச்சிக் கடையின் பின்புறம் உண்ணும். லயத்து வாசலில் உறங்கும். முயலைத் துரத்திக் காட்டினுள் நுழையும். லயத்து நாய்க்கு ஒரே எசமான் என்று எவரும் இல்லை. ஆறு வீட்டுச் சோற்றை உண்டு ஆறு வீட்டையும் காப்பது அதன் வாழ்க்கை.

ஆங்கில ஆட்சியாளர் இந்நோய்க்கென 1893ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினர். நோய் கண்ட இடத்தைப் பிரகடனம் செய்து, அவ்விடத்தில் கட்டின்றித் திரியும் நாய்களைக் கொல்ல அதிகாரம் அளிப்பது அதன் சாரம். 1901ஆம் ஆண்டில் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பட்டையும் பெறவேண்டும். சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்த நாய், பங்களாவின் முற்றத்திலே சங்கிலியோடு கிடக்கும் நாய். அதற்கு எசமான் உண்டு, முகவரி உண்டு. ஆறு வீட்டு நாய்க்கு எவர் கட்டணம் செலுத்துவார்? கட்டணம் செலுத்தாத நாய் சட்டத்தின் முன் கட்டாக்காலி, கட்டாக்காலி கொல்லத்தக்கது. நாய் கொல்ல வருகின்றார்கள் என்ற செய்தி லயத்துக்கு எட்டியதும் பிள்ளைகள் நாயைச் சாக்கினுள்ளே மறைப்பர். தோட்டப் பக்கத்தில் வளர்ந்தவர் எவரும் இதனை அறிவர். நாயை ஊர்தியாகக் கொண்ட வைரவரை வணங்கும் மக்களும், உயிர்க்கொலை பாவமென்று கருதும் பௌத்த மக்களும் அந்த மறைவுக்குத் துணைநின்றதில் வியப்பில்லை. இவ்வாறு நோயைக் கட்டுப்படுத்த வந்த சட்டமே, நாயை அதிகாரிகளின் கண்ணிலிருந்து ஒளித்துவைக்கும் பழக்கத்தையும் வளர்த்துவிட்டது.

இந்தச் சட்டங்கள் தோன்றிய காலத்திலேயே ஐரோப்பாவில் வேறொரு வழி திறந்திருந்தது. 1885ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, விசர்நாயினாற் பல இடங்களிற் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மெயிஸ்தரைத் தாய் பாரிசு நகரத்துக்கு அழைத்து வந்தாள். லூயி பாஸ்தர், நோயுற்ற முயல்களின் முள்ளந்தண்டு நரம்பை உலர்த்தி, நோயின் வீரியத்தைக் குறைத்து, அதனைச் சிறிது சிறிதாக ஏற்றும் முறையை விலங்குகளிலே பரிசோதித்திருந்தார். சிறுவனுக்குப் பதின்மூன்று முறை அது ஏற்றப்பட்டது. அவன் பிழைத்தான். பாஸ்தரின் மேதையை நாம் பெரும்பாலும் தடுப்பூசி என்ற பொருளிலே காண்கின்றோம். உண்மையில் அவர் கண்டுபிடித்தது அந்த இடைவெளியின் பயனை. கடித்த பின்னரும், நோய் மூளையை அடையும் முன்னர் உடலை ஆயத்தப்படுத்திவிடலாம் என்பதே அவருடைய துணிவு. வைசூரிக்கு நோய் வருமுன் குத்தினார்கள். இதற்கோ கடித்தபின் குத்தியும் வெல்லலாம். நோய் மெதுவாக ஏறுவதே மனிதனுக்கு வாய்த்த நன்மையாயிற்று.

இந்தியாவிலே 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் பாஸ்தர் நிலையம் தோன்றியது. தென்னாட்டிலே கடியுண்டவர் அத்தனை தூரம் செல்ல வேண்டியிருந்தமையால் உயிரிழப்புக்கள் நேர்ந்தன. 1907ஆம் ஆண்டில் நீலகிரியிலே குன்னூரில் மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது. கசௌலியிலே டேவிட் செம்பிள் என்பவர் 1911ஆம் ஆண்டளவில் புதியதொரு முறையை வகுத்தார். நோயேற்றப்பட்ட விலங்கின் மூளையைக் குழைத்துக் கார்போலிக் அமிலத்தால் வைரசைக் கொன்று செய்த தடுப்பூசி அது. பின்னர் செம்மறியாட்டின் மூளையே அதற்குப் பெரிதும் பயன்பட்டது. மலிவானது, எளிதிற் செய்யத்தக்கது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசியாவின் ஏழை மக்களைக் காத்தது இதுவே. ஆனால் அது நரம்புப் பொருளாதலால், ஏற்றிக்கொண்டவர்களிற் சிலருக்குப் பக்கவாதம் போன்ற கேடுகளையும் விளைத்தது. வயிற்றிலே நாள் தவறாமற் பதினான்கு ஊசி. அந்த எண்ணே எங்கள் பக்கத்திற் பயத்தின் பெயராகிவிட்டது.

நான் சிறுவனாயிருந்த 1960ஆம் ஆண்டுகளில், இறத்தோட்டைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில், அடுத்த லயத்துப் பையன் ஒருவன் எனக்குத் தோழன். அவனுடைய தந்தை சந்தைக்குப் போய்வரும்போது ஒரு நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வாரத்தில் அது பாலைத் தொடாமல் மூலையிலே பதுங்கியது. தூக்கப்போன தோழனின் விரலைக் கவ்விற்று. ஊசிமுனை போன்ற சிறு காயந்தான். பாட்டி மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினாள். குட்டிக்குப் பல்லே ஒழுங்காக முளைக்கவில்லை, அதற்கு என்ன வெறி என்று எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் குட்டி செத்தது. நல்ல வேளையாக அவனுடைய தந்தை வேறொரு காரியமாகத் தோட்டத்து மருந்துச்சாலைக்குச் சென்றபோது அதனைப் பேச்சுவாக்கிற் சொல்லிவிட்டார்.

"குட்டிதான் செத்துப் போச்சுங்களே ஐயா, இனி என்ன பயம்?" என்றாராம்.

"அது செத்ததுதானப்பா பயம்" என்றார் டாக்டரையா.

அன்றே பையனைக் கூட்டிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினான்கு நாள்கள். விடியுமுன் இறங்கி நடந்து, பஸ் பிடித்துப் போய், மாலையில் ஏறி வருவார்கள். அந்நாள்களில் தந்தைக்குப் பேர் இல்லை. தோட்டத்து வழக்கிற் பேர் என்பது ஒருநாட் கூலி. ஒன்பதாம் நாள் பையன் வயிறு வீங்கி, இனி வரமாட்டேன் என்று கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டான். அவனை இறக்குவதற்கு லயமே கூடிவிட்டது. ஒருநாட் கூலிக்கு ஒருநாள் ஊசி என்ற அந்தக் கணக்கிலே, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஊசியை நிறுத்திவிட்ட குடும்பங்களையும் நான் அறிவேன். அவர்களை அறியாதவர் என்று சொல்ல என் மனம் இடந்தருவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. கடித்த விலங்குக்கு நோய் இருந்ததா என்பதை எவ்வாறு அறிவது? நோயற்ற நாய் கடித்தால் அந்தப் பதினான்கு ஊசியும் வீண் வேதனை. நோயுற்ற நாய் கடித்தால் ஓர் ஊசி குறைந்தாலும் ஆபத்து. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாயைக் கொல்லாமற் கட்டிவைத்துக் கவனிப்பது. நாய் கடிக்கும் நேரத்தில் அதன் உமிழ்நீரில் வைரசு இருந்திருப்பின், அது சில நாள்களுக்குள் நோய்க்குறி காட்டி இறந்துவிடும். இலங்கையிலே பதினான்கு நாள் என்று கணக்கிட்டுள்ளனர். பதினைந்தாம் நாள் அந்த நாய் சோறு தின்றுகொண்டு வாலாட்டுமாயின் கடியுண்டவர் பயப்பட வேண்டியதில்லை. ஆகவே கடித்த நாயை உடனே அடித்துக் கொல்வது, தன் பக்கத்துச் சாட்சியைத் தானே கொல்வது போலாகும்.

மற்றொரு வழி இறந்த நாயின் மூளையைப் பரிசோதிப்பது. 1903ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் அடெல்கி நெக்ரி, விசர்கொண்டு இறந்த விலங்குகளின் மூளை அணுக்களுள்ளே சாயம் ஏற்றும் சிறு உருண்டைகளைப் பூதக்கண்ணாடியிற் கண்டார். அவை இருந்தால் நோய் உறுதி. இல்லையென்றாலோ நோய் இல்லை என்று துணிய முடியாது. ஐயம் நேர்ந்தால் மூளையின் ஒரு துளியைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிரும் சாயங் கொண்டு வைரசை நேரே காட்டும் முறை வெளிவந்த பின்னரே அந்தக் காத்திருப்பு சில மணி நேரமாகச் சுருங்கியது.

கொழும்பிலே, 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நுண்ணுயிர் ஆய்வுக்கூடமே பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் விலங்குகளின் தலைகள் அங்கே வந்து சேர்ந்தன. மாத்தளை மாவட்டத்திலிருந்து தலை அனுப்புவதென்றால் அது சாதாரண காரியமன்று. தலையைத் துண்டித்து, நீர் புகாத உறையில் இட்டு, பனிக்கட்டி நிறைத்த பெட்டியில் வைத்து, அது உருகுமுன் கொழும்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும். வெயில் பட்டால் மூளை அழுகிவிடும், பரிசோதனை பயன்படாது. எல்லாவற்றினும் மேலாக, நாயைக் கொல்பவர்கள் வழக்கமாகத் தடியால் அடிப்பது தலையிலே. மண்டை நொறுங்கி மூளை சிதறிய பின் ஆய்வுக்கூடம் என்ன செய்ய முடியும்? கோபத்தில் விழுந்த ஓர் அடி, கடியுண்ட குழந்தை அறிய வேண்டிய செய்தியை அழித்துவிடுகின்றது. கிராமங்களிலே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பல்லாண்டுகளாக, அடிக்க வேண்டுமென்றால் தலையில் அடிக்காதீர்கள் என்று மன்றாடி வருகின்றனர். பிற்காலத்திலே கண்டிக்கு அண்மையில் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் விலங்குகளின் மூளையைப் பரிசோதித்து வருவதனால் மாத்தளையாருக்கு வழி குறுகியது.

1973ஆம் ஆண்டிலே இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் இறந்தவர் 377 பேர். சராசரியாக நாளுக்கு ஒருவர். இறப்பவர் ஒவ்வொருவராக, வேறு வேறு ஊர்களில், கதவடைத்த அறைகளில் இறந்தமையால் அது கொள்ளைநோயாக எவர் கண்ணுக்கும் படவில்லை. 1975ஆம் ஆண்டில் அரசினர் தேசிய விசர்நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை வகுத்தனர். நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுவதும், கட்டாக்காலி நாய்களை அழிப்பதும் அதன் இரண்டு கைகளாக அமைந்தன.

இவ்விரண்டில் எது நோயைக் குறைத்தது? கொன்று தீர்ப்பது விரைவான வழிபோலத் தோன்றும். ஆனால் ஒரு தெருவில் நாய்களைக் கொன்றால் அங்கே கிடந்த எச்சிலிலை அப்படியே கிடக்கும்; அடுத்த தெருவின் நாய் அதற்கு வந்துவிடும்; எஞ்சிய பெட்டைகள் அதிகம் ஈனும். வந்து சேரும் புதிய நாய் ஊசி போடாத நாய். மேலும், 1980ஆம் ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் இலங்கை உட்படச் சில நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. கட்டாக்காலி என்று தோன்றும் நாய்களிற் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய நாய்கள். கூப்பிட்டாற் பிடிபடக் கூடியவை. ஆறு வீட்டு நாயை லயத்துப் பிள்ளை பிடித்துக்கொடுப்பான், கொல்வதற்கன்றி ஊசிக்கு என்று அறிந்தால். நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏறிவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. 2006ஆம் ஆண்டில் இலங்கை அரசு நாய்களைக் கொல்வதைக் கைவிட்டு, ஊசியும் கருத்தடையும் என்ற வழியை மேற்கொண்டது. இந்தக் கொள்கை மாற்றம் சமயக் கருணையால் மாத்திரம் வந்தது என்று சிலர் எழுதுகின்றனர். கணக்கும் அதே பக்கமே நின்றது என்பதை மறக்கலாகாது.

மனிதருக்கான மருந்தும் மாறியது. ஆட்டுமூளைத் தடுப்பூசியை இலங்கை 1995ஆம் ஆண்டில் முற்றாக நிறுத்திற்று. அணுவளர்ப்பில் உண்டாக்கிய தடுப்பூசி, தோளிலோ தோலின் மேற்படையிலோ, சில தடவைகள் மாத்திரம் ஏற்றப்படுகின்றது. காயம் ஆழமானதாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் மருந்தும் செலுத்துவர். வயிற்றில் ஊசி இல்லை. இருந்தும், பதினான்கு ஊசி என்ற பேச்சு மாத்திரம் இன்றும் தோட்டங்களில் உலாவுகின்றது. அந்தப் பயத்தாலே ஆஸ்பத்திரிக்குச் செல்லாதவர் இன்றும் இருக்கின்றனர். கடந்த பத்தாண்டளவில் நாட்டிலே ஆண்டுதோறும் இந்நோயால் இறப்போர் ஏறத்தாழ இருபது முதல் முப்பது வரையினர். 377 என்ற எண்ணோடு ஒப்பிட்டாற் பெருவெற்றி. அந்த இருபது முப்பதுபேரிற் பெரும்பாலோர் ஊசியே போட்டுக்கொள்ளாதவர் அல்லது காலந் தாழ்த்தியவர் என்பதை எண்ணினால் அவ்வளவு மகிழ்ச்சி வருவதில்லை.

சுசுருதர் நாயோடு காட்டு விலங்குகளையும் சேர்த்தார் என்று முன்னர்ச் சொன்னோம். நாயில் நோய் அடங்கிவரும் இக்காலத்திலே அந்தப் பட்டியல் மீண்டும் முக்கியமாகின்றது. இதற்கு அமெரிக்க நாட்டு அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருந்தும். அங்கே ரக்கூன் என்றொரு விலங்கு உண்டு. கண்களைச் சுற்றிக் கள்ளனின் முகமூடிபோலக் கறுப்புப் பட்டை, வளையம் வளையமான வால், கைபோன்ற முன்னங்கால். மரமேறும், இரவிலே குப்பைத் தொட்டிகளைக் கிளறும். அமெரிக்கர் தம் நாய்களுக்கு ஊசி போட்டு நாய்விசரை ஏறக்குறைய ஒழித்துக்கொண்டிருந்த வேளையிலே, 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், தெற்கே புளோரிடாவில் ரக்கூன்களுக்குள் தனியொரு விசர்நோய் காணப்பட்டது. முப்பது ஆண்டுகள் அது தெற்கிலேயே கிடந்தது. பின்னர் வேட்டைப் பிரியர்கள் தம் காடுகளிலே வேட்டை பெருகட்டும் என்று தெற்கத்திய ரக்கூன்களைக் கூட்டிலடைத்து வடக்கே கொண்டுபோய் விட்டனர். 1977ஆம் ஆண்டில் மேற்கு வேர்ஜீனியாவில் நோய் தலைகாட்டியது. அங்கிருந்து பரவி 1999ஆம் ஆண்டிற் கனடாவின் ஒன்ராறியோவுக்குள்ளும் புகுந்தது.

ரக்கூனை எவர் கட்டிப்பிடித்து ஊசி போடுவார்? ஆகவே ஊசியை உணவாக்கினர். சுவிற்சர்லாந்திலே 1978ஆம் ஆண்டில் நரிகளுக்காகக் கோழித்தலையினுள்ளே தடுப்புமருந்தை வைத்துக் காட்டில் இட்ட முறை வெற்றிபெற்றிருந்தது. அதனைப் பின்பற்றி, மீன்மாவினாற் செய்த உருண்டைக்குள் மருந்தை வைத்து, 1990ஆம் ஆண்டில் வேர்ஜீனியக் கரையோரத் தீவொன்றில் ரக்கூன்களுக்காக முதலில் இட்டுப் பார்த்தனர். பின்னர் விமானத்திலிருந்தும் வீசத் தொடங்கினர். கடித்துத் தின்னும் விலங்கின் வாயிலேயே மருந்து பட்டு எதிர்ப்புச்சக்தி உண்டாகின்றது. இவ்வாறு அவர்கள் கிழக்கிலே நோயைத் தடுத்து நிறுத்தும் ஓர் அரணை அமைத்துள்ளனர்.

நம் நாட்டில் ரக்கூன் இல்லை. அதன் தொழிலைச் செய்யும் மரநாய் உண்டு. மாத்தளையில் ஓட்டுவீடு உள்ளவர்களுக்கு அதனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நள்ளிரவிலே முகட்டில் ஓடுவதும், கித்துள் பழத்தைத் தின்று எச்சமிடுவதும் அதுவே. இலங்கைக்கே உரிய பொன்னிற மரநாய் ஒன்றின் மூளையிலே, இந்நாட்டு நாய்களிடம் காணப்படும் வைரசினின்றும் வேறுபட்ட வகை விசர்வைரசு இருந்ததென்று இலங்கை, யப்பானிய ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காட்டினுள்ளே நாயைச் சாராத தனிச் சங்கிலி ஒன்று ஓடக்கூடும் என்பது அதன் பொருள். 2015ஆம் ஆண்டிலே பேராதனைப் பக்கத்துப் பழந்தின்னி வௌவால்களிடம் விசர்வைரசுக்கு இனமான மற்றொரு வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. கன்னொறுவை என்ற ஊர்ப்பெயரே அதற்கு இடப்பட்டது. மனிதரை அது தாக்கியதாக இதுவரை அறியப்படவில்லை.

இங்கேதான் நாம் கூறிவந்த இடைவெளிக்கு ஒரு புதிய சிக்கல். பதினான்கு நாள் கட்டிவைத்துப் பார்க்கும் விதி நாய்க்கும் பூனைக்குமே உரியது. மரநாயோ கீரியோ நரியோ நோய்க்குறி காட்டுமுன் எத்தனை நாள் உமிழ்நீரில் வைரசைச் சுமந்து திரியும் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. இரவில் திரியும் விலங்கு பகலிலே, மனிதருக்கு அஞ்சாமல், தள்ளாடி நடந்து வருமாயின் ஐயங்கொள்ள வேண்டும். ஆனால் பகலில் வந்தவையெல்லாம் விசர்கொண்டவை அல்ல. குட்டி ஈன்ற தாய் பசியினாலும் வரும். ஆகவே காட்டு விலங்கு கடித்தாற் காத்திருத்தல் என்ற பேச்சே இல்லை. காயத்தைக் கழுவி, அன்றே ஊசியைத் தொடங்கி, விலங்கின் தலை கிடைத்தால் நொறுக்காமல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். எல்கடுவைப் பக்கமும் லக்கலைப் பக்கமும் காட்டோரம் குடியிருப்பவர்கள் ஆஸ்பத்திரியிலே, நாயா என்று கேட்டால், நாயன்று, மரநாய் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழிலே அதன் பெயரிலும் நாய் என்று இருப்பதனாற் சீட்டெழுதுபவர் நாய் என்றே எழுதிவிடுவதுண்டு!

கொய்யா மரத்தில் ஏறிய என் தோழன் இன்று உக்குவளையில் இருக்கின்றான். பேரப்பிள்ளைகள் உண்டு, நாய்கள் மூன்று உண்டு. மூன்றுக்கும் போட்ட ஊசியின் அட்டைகளை ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கின்றான். சென்ற முறை நான் போயிருந்தபோது முகட்டிலே மரநாய் குடும்பத்தோடு வந்துவிட்டதென்று சொன்னான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, பகலிற் கண்டால் எனக்குச் சொல்லுங்கள் ஐயா என்று தொலைபேசி எண்ணைக் கதவில் எழுதிவிட்டுப் போனாராம். "இன்றுவரைக்கும் இருட்டினபிறகுதான் நடக்குது" என்று கூறி அண்ணாந்து பார்த்தான்.